தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளிவந்த தரங்கம்பாடிப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். தமிழில் அச்சான முதல் நூல் தரங்கம்பாடியில் வெளிவந்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தரங்கம்பாடிக் கரையில் இறங்கியதே 1706 ஜூலை 9-ஆம் தேதிதான். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கே அச்சாகி முடிந்தது. அச்செழுத்து வார்க்கவும் காகிதம் செய்யவும் பக்கத்துப் பொறையாற்றிலேயே பட்டறை போட்டார்கள். 'முதல்' என்ற பட்டத்தைப் பிடுங்கிவிட்டாலும் எங்கள் பகுதிக்குப் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

நான் பேனாவை எடுத்தது அதற்காக அல்ல. 'திருக்கடையூர் வருகிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கினால் கோட்டையையும் பார்த்துவிடலாம்' என்று கட்டுரையின் கடைசியில் ஒரு யோசனை இருக்கிறது. அதைப் படித்ததும் கடந்த தை மாதம் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

என் மைத்துனருக்குத் திருக்கடையூரில் மணிவிழா. கலச நீராட்டு, தாலி கட்டு, பந்தி எல்லாம் பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டன. பதினெட்டுப் பேர் வேனில் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். நடை சாத்துவதற்குள் வைத்தீஸ்வரன்கோயில் போயாக வேண்டும் என்று டிரைவர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். கோட்டை வாசலில் இறங்கினார்கள், பட்டுப்புடவையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், சுண்டல் வாங்கினார்கள், ஏறிவிட்டார்கள். மாடிப்படியில்கூட ஒருவரும் கால் வைக்கவில்லை. நானும் என் பேத்தியும் மட்டும் வரவில்லை என்று சொல்லி இறங்கிக்கொண்டோம். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். அன்றைக்கு அவளுக்கு இருந்த பொறுமை பெரியவர்களுக்கு இல்லை.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். விற்கிறவரை இங்கே ஓர் ஊர் இருந்தது என்பது கோட்டைக்குள் நின்றால் தெரியாது, தெருவில் நடந்தால்தான் தெரியும். ராஜ வீதியில் 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம், சற்றுத் தள்ளி 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். இரண்டாவதில்தான் சீகன்பால்க்கின் கல்லறை இருக்கிறது. கல்லில் இருந்த வருடங்களைக் கழித்துப் பார்த்த பேத்தி, "தாத்தா, முப்பத்தாறு வயதுதானா?" என்றாள். தெருக்கோடியில் 1792 என்று ஆண்டு பொறித்த நகர வாயில். அதற்குள் இன்றும் சைக்கிளும் மீன்கூடையும் போய்வருகின்றன.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கோட்டைக்கு வடக்கே, அலை ஓரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-இல் எழுந்தது. இந்த ஊருக்குச் 'சடங்கன்பாடி', 'குலசேகரன்பட்டினம்' என்று அப்போது பெயர் இருந்ததைச் சொல்வது இங்குள்ள கல்வெட்டுதான். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் மேல் ஒரு பாட்டி நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். தம் மாமியார் காலத்தில் கோயிலுக்கு முன்னால் வலை விரித்து உலர்த்துகிற அளவுக்கு மணல் கிடந்ததாம். சொல்லிக்கொண்டே, காக்கை வராமல் பார்த்துக்கொள்ளும்படி பேத்தியின் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். கால் மணி நேரம் அவள் கடமை தவறாமல் நின்றாள்.

வள்ளியம்மையின் ஊர் பக்கத்தில்தானே என்று கேட்டாள் அவள். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் பதினாறு வயதில் உயிரைவிட்ட பெண்ணின் தாயார் பிறந்த தில்லையாடி கூப்பிடு தூரம் என்று சொல்லாவிட்டாலும், பெரிய தூரம் இல்லை. காந்தியடிகளே 1915-இல் தேடிக்கொண்டு வந்த ஊர். பஸ்ஸுக்காக நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் ஆட்டோவில்தான் நினைவு மண்டபத்துக்குப் போனோம். ஆட்டோக்காரர் கேட்ட கூலியை இங்கே எழுதினால் அச்சுக்கோப்பவர் ஒரு சைபர் கூடிவிட்டது என்று எடுத்துவிடுவார்.

அந்த வெயிலில் நின்றபோதுதான் எனக்கு ரயில் ஞாபகம் வந்தது. மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி. 1926-இல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் வண்டி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆக்கூரில் எங்கள் அப்பா ஏற்றிவிடுவார், பொறையாற்றில் அத்தை இறக்கிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் கண்ணில் கரித்தூள். அந்த ஸ்டேஷன் பெயர்களை இன்றைய சுற்றுலாக் கையேட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நன்றாக அடுக்க முடியாது. வருமானம் போதவில்லை என்று 1986-இல் நிறுத்தினார்கள். அப்போது எங்களில் யாரும் தண்டவாளத்தில் படுத்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பஸ் வேகமாகப் போகிறதே என்று நாங்களும் பஸ்ஸில்தான் ஏறினோம்.

பூம்புகாரை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அங்கே 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு, 'இதுதானா புகார்?' என்று ஏமாந்து திரும்புகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ரயிலை மீண்டும் விட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. அது வரும்போது வரட்டும். அதுவரை திருக்கடையூர் கோயில் வாசலிலிருந்து தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி நகர வாயில்வரை ஒரு மினி பஸ் போய்வந்தால் போதும். காலையில் மணிவிழா முடிந்து வருகிறவர்களுக்கு அன்றைய பொழுது முழுவதும் கையில் இருக்கிறது, வேன் டிரைவருக்குத்தான் இல்லை. மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் நிழலுக்கு நாலு மரமும், பெண்கள் கூச்சமின்றிப் போகக்கூடிய ஒரு கழிப்பறையும் வேண்டும். அலங்கார விளக்கு வேண்டாம்.

தங்கள் கட்டுரையாளர் மறுபடியும் இந்தப் பக்கம் வந்தால் எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். நடக்கக்கூடிய செருப்பாகப் போட்டுக்கொண்டு வரட்டும்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
மயிலாடுதுறை