ஊசிக்கு ஒரு மணி நேரம், பிசியோவுக்குப் பதினாறு நாள்

விளையாட்டுக் காய சிகிச்சை மையங்களை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். பி.ஆர்.பி. ஊசி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களை (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்களை) பிரித்துக் காயத்தில் போடும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஓடும்போது தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது. அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள், ரத்தம் எடுத்து, சுழலவிட்டு, தட்டணுக்களைப் பிரித்து ஊசியும் போட்டாகிவிட்டது. "இதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் பார்த்துக்கொள்ளும், நீங்கள் அசையாமல் இருங்கள்" என்றார்கள். செல்களை வளரத் தூண்டும் புரதங்களாம் அவை. பிசியோதெரபிக்கு இடம் கிடைத்ததோ பதினாறாம் நாள்.

அந்தப் பதினாறு நாளும் நாற்காலி விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தேன். கழிப்பறையில் உட்காரக் கதவுப் பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். குனிய முடியாததால் காலுறையை என் பத்து வயது மகள் மாட்டிவிடுவாள். "வலிச்சா சொல்லுங்கப்பா" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுப்பாள். பதினாறாம் நாள் பிசியோ கேட்ட முதல் கேள்வி: "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்க?"

அப்புறம்தான் தேடிப் படித்தேன். தசை கிழிந்ததுமே எச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி, தசை இழைகளை ஒட்டி உறங்கும், தசையைச் சீராக்கும் துணைச் செல்களை எழுப்புகிறதாம். அவை பெருகவும் புது இழையாக மாறவும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு காரணி உதவுகிறது. ஊசி போடாவிட்டாலும் நடக்கிற வேலை இது. அதே தட்டணுக்களில் டி.ஜி.எஃப்.-பீட்டா 1 என்ற காரணியும் நிறைய உண்டு. அது மிஞ்சினால் தசை வரவேண்டிய இடத்தில் தழும்பு வரும். உங்கள் வண்ணத் துண்டறிக்கையில் இந்தக் காரணியை மட்டும் காணவில்லை.

நெதர்லாந்தில் இதே காயம் பட்ட 80 பேரில் ஒரு பகுதியினருக்கு பி.ஆர்.பி., மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் போட்டுப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். களத்துக்குத் திரும்ப ஆன நாட்களின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) இரு தரப்புக்கும் 42. டென்மார்க்கில் 2017-இல் வெளிவந்த ஆய்வில், காயத்துக்குப் பின் ஒன்பதாம் நாள் பயிற்சி தொடங்கியவர்களைவிட இரண்டாம் நாளே தொடங்கியவர்கள் சுமார் மூன்று வாரம் முன்னதாகத் திரும்பினார்கள். நான் பதினாறாம் நாள்.

எனவே என் கோரிக்கை ஒன்றுதான். ரத்தம் எடுக்கும் முன் இந்த முடிவுகளை எங்கள் மொழியில் ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இதைக் கேட்டபோது வரவேற்பில் இருந்தவர், "ஒரு காலத்தில் இதை ஊக்கமருந்து என்று தடையே செய்திருந்தார்கள் சார், அவ்வளவு சக்தி" என்றார். உண்மைதான், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2010-இல் இதைத் தசைக்குள் போடுவதைத் தடை செய்தது. 2011-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டதையும் அவர் சொல்லியிருக்கலாம். நட்சத்திர வீரர்களின் படங்களை மாட்டச் சுவரில் இடம் இருக்கிறது, பயிற்சி மேசை போடத்தான் இடம் இல்லை போலிருக்கிறது. வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டால் நாங்களும் தலையாட்டிவிடுகிறோம், எங்கள் மேலும் தப்புதான்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். ஊசியே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போட விரும்புகிறவர் போட்டுக்கொள்ளட்டும். அந்த ஒரு தாளை மட்டும், ஊசிக்கு முன்பே, தயவுசெய்து கையில் கொடுங்கள். முடிந்தால் அதன் அடியிலேயே முதல் பிசியோ தேதியையும் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்