வெறுங்குழாயின் கணக்கையும் காட்டுங்கள்

குளிர் அணுக்கரு இணைவில் மிகைவெப்பம் கண்டதாக அறிவிக்கும் ஆய்வாளர்களுக்கும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

சூரியனுக்குள் இருப்பது போன்ற பெருஞ்சூடு இல்லாமலேயே அணுக்கருக்கள் இணைந்து, கொடுத்த மின்சாரத்தைவிடக் கூடுதல் வெப்பம், அதாவது மிகைவெப்பம், வருகிறது என்பதுதான் குளிர் இணைவு பற்றி நீங்கள் சொல்வது. உங்களில் ஒருவர் அண்மையில் வெளியிட்ட காணொளியைப் பார்த்த பிறகு இந்த மடலை எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. இது ஒருவரோடு முடிகிற பிரச்சினையும் இல்லை. காணொளியில் ஒரு பீங்கான் குழாய் செக்கச்செவேலென்று தகதகக்கிறது. பக்கத்து மீட்டரில் உள்ளே போகும் வாட் தெரிகிறது. வெளியே வரும் வெப்பம் அதைப்போல இரண்டரை மடங்கு என்று திரையின் மூலையில் எழுத்து ஓடுகிறது. எரிபொருளான நிக்கல் தூள் போடாத குழாயை, அதாவது வெறுங்குழாயை, அதே மின்சாரத்தில், அதே சூட்டில் ஓட்டிக் காட்டும் பகுதி மட்டும் இல்லை.

எங்கள் நண்பர் ஒருவர் பணிவாகத்தான் கேட்டார்: "ஐயா, வெறுங்குழாயின் அளவீடுகளைக் கொஞ்சம் பகிர முடியுமா?" காப்புரிமை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டதற்கு, நம்பிக்கை இல்லாதவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள்.

நம்பிக்கை இல்லாமலா சம்பளத்தில் மிச்சம் பிடித்து அலுமினா என்ற பீங்கான் குழாயும் நிக்கல் தூளும் வாங்குகிறோம்? நான் கோவையில் ஆலைகளின் வெப்பநிலைக் கருவிகளைச் சரிபார்த்து, கேலிப்ரேஷன் சான்று எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். கூட இருப்பவர்களில் ஒருவர் நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளர். உலகம் கைவிட்ட ஒரு கேள்வியை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துவைத்துப் பார்க்கிறோம். இது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று எங்களைவிட ஆசைப்படுகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அதனால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மிகைவெப்பம் என்று அறிவிப்பதற்கு முன்னால், வெறுங்குழாயை அதே நிலைமையில் ஓட்டிய அளவீடுகளை, திருத்தாமல், சராசரி எடுக்காமல், கருவியிலிருந்து வந்தது வந்தபடி வெளியிடுங்கள். ஓடாமல் போனவற்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரே சுருள் கம்பியிலிருந்து வெட்டி, ஒரே எண்ணிக்கைச் சுற்றில், இரண்டு ஹீட்டர்களைக் கையால் சுற்றினார். ஒரே பெட்டியில் வந்த இரண்டு குழாய்கள். ஒரே மின்சாரம். இரண்டிலும் எரிபொருள் கிடையாது. 900 டிகிரி வாக்கில் நிலைக்கு வந்ததும் பார்த்தால், இடப்பக்கக் குழாய் வலப்பக்கத்தைவிட 11 டிகிரி கூடுதலாக நிற்கிறது. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிகளை மாற்றிப் போட்டோம், வித்தியாசம் போகவில்லை. குழாய்களையே இடம் மாற்றினோம். அப்போதும் சூடு இடப்பக்கத்திலேயே நின்றது. கடைசியில் வலப்பக்கச் சுவரில் இருந்த வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்த பிறகுதான் இரண்டும் ஒன்றாக வந்தன. அந்தச் சூட்டில் 11 டிகிரி என்றால், கதிர்வீச்சுக் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு சதவீத ஆற்றல். இடப்பக்கக் குழாயில் மட்டும் நிக்கல் தூளைப் போட்டு, வலப்பக்கத்தில் வெறுங்குழாயை வைத்து, இரண்டையும் முதலில் வெறுமையாக ஓட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால், நான்கு சதவீத மிகைவெப்பம் என்று நாங்களும் அறிவித்திருக்கலாம்.

வென்டிலேட்டர் ஒன்றுதானா? கே-வகை தெர்மோகப்பிளை 1,000 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்தால் அது காட்டும் எண் தானாக நழுவும். தைரிஸ்டர் என்ற மின்சுவிட்ச் வழியாக நறுக்கி அனுப்பும் மின்சாரத்தைச் சாதாரண மல்டிமீட்டர் குறைத்துக் காட்டும். நீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்பகுப்புக் கலத்தில் வெளியேறியதாகக் கணக்கு வைத்த வாயு உள்ளேயே திரும்பச் சேர்ந்தால், அந்த வெப்பம் புதிதாகப் பிறந்ததுபோல் தோன்றும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் வெறுங்குழாயைக் காட்டாமல் விடுவது, பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் நெய்க்கு விலை சொல்வதற்குச் சமம். கடைத்தெருவில் இதை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வழக்கம் இன்று தொடங்கியதில்லை. 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளைஷ்மேனும் ஸ்டான்லி பான்ஸும் பத்திரிகையாளர்களை அழைத்து, கன நீரில் (டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) மின்சாரம் செலுத்திய கலத்தில் அணுக்கரு இணைவின் வெப்பம் கண்டதாக அறிவித்தபோது, மற்ற ஆய்வகங்கள் அதைச் செய்து பார்க்கப் போதுமான விவரம் யார் கையிலும் இல்லை. கன நீருக்குப் பதில் சாதாரண நீரை ஊற்றி ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்பதே அடுத்த சில வாரங்கள் முழுக்கக் கேட்கப்பட்ட கேள்வி. நேரான பதில் வரவில்லை. மே மாதத் தொடக்கத்தில் பால்டிமோரில் அமெரிக்க இயற்பியல் கழகம் கூடியபோது கதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கலத்தைச் சரியாகக் கலக்காவிட்டால் ஒரு மூலையில் ஒரு சூடும் இன்னொரு மூலையில் வேறு சூடும் இருக்கும் என்று கால்டெக்கின் நேதன் லூயிஸ் அங்கே எடுத்துச் சொன்னார். ஃப்ளைஷ்மேன் உலகம் மதித்த மின்வேதியியலாளர். சாதாரண நீர்க் கலங்களின் முழுக் கணக்கும் முதல் நாளிலேயே மேசையில் இருந்திருந்தால், அது சரியோ தவறோ, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறை தீண்டத்தகாததாக ஆகியிருக்காது.

அதற்குப் பிறகாவது பாடம் படித்தோமா? 2014-இல், குளிர் இணைவால் வெப்பம் தருவதாக இத்தாலிக்காரர் ஆந்த்ரேயா ரோஸ்ஸி சொன்ன இ-கேட் கருவியை சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 32 நாள் ஓட்டிப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். கொடுத்த ஆற்றலைப்போல மூன்று மடங்குக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். வெறுங்குழாயையும் ஓட்டினார்கள், ஆனால் 450 டிகிரி வாக்கில் மட்டும். எரிபொருள் போட்ட குழாய் 1,200 டிகிரிக்கு மேல் போனதாக எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? சூட்டை அளந்ததோ அகச்சிவப்புக் கேமரா. அலுமினா அந்தக் கேமரா பார்க்கும் அலைநீளத்தில் எவ்வளவு கதிர்வீசும் என்ற ஒரே எண்ணைக் குறைத்துப் போட்டால் போதும், காட்டும் வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி எகிறும். வெளிவந்த ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கணக்கிடப்படுவதால் அது பல மடங்காகப் பெருகும். இதைச் செய்து காட்டியது எந்தப் பெரிய ஆய்வகமும் இல்லை. மார்ட்டின் ஃப்ளைஷ்மேன் மெமோரியல் புராஜெக்ட் என்ற தன்னார்வலர் குழு. அதே வடிவில் குழாய் செய்து, எரிபொருள் இல்லாமல் சூடேற்றி, தெர்மோகப்பிளையும் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெறுங்குழாயை முழுச் சூட்டுக்கு ஓட்டியிருந்தால் லுகானோவிலேயே தெரிந்திருக்கும். அந்த அறிக்கையை நம்பி எத்தனை ஊர்களில் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருப்பார்கள்!

இதே ரோஸ்ஸிக்கு, அவரிடம் உரிமம் வாங்கிய இண்டஸ்ட்ரியல் ஹீட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு கோடியே பதினைந்து லட்சம் டாலர் கொடுத்தது. 2016-இல் புளோரிடாவில் வழக்காகி, 2017-இல் சமரசமாக முடிந்தது. ஓர் ஆண்டு ஓடியதாகச் சொன்ன ஒரு மெகாவாட் நிலையத்தின் குழாய்கள், நீரோட்ட மீட்டர் பற்றிய விவரங்கள் நீதிமன்ற ஆவணங்கள் வழியாகத்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் படிக்கக் கிடைத்தன. அறிவியல் விவரம் வெளியே வர ஒரு வழக்குத் தேவைப்பட்டது வெட்கக்கேடு.

திறந்து செய்ய முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1989-இல் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. அய்யங்கார் தலைமையில் பல குழுக்கள் இறங்கி வேலை செய்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவரும் எம். சீனிவாசனும் தொகுத்த பி.ஏ.ஆர்.சி-1500 அறிக்கை வந்தது. இணைவுக்கு அடையாளமான நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக அதில் எழுதினார்கள். ஏற்காதவர்கள் நிறையப் பேர். ஆனால் எந்த மின்முனை, எவ்வளவு மின்னோட்டம், எந்தக் கருவியில் எண்ணினார்கள் என்று எடுத்துப் படித்துவிட்டுச் சண்டை போட அங்கே இடமிருக்கிறது. 2011 பிப்ரவரியில் இத்துறையின் பதினாறாவது உலக மாநாட்டைச் சென்னையில் நடத்த முன்னின்றவரும் சீனிவாசன்தான். இன்னொரு பக்கம், கூகுள் பணத்தில் முப்பது பேர் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, குளிர் இணைவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2019-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கிடைக்கவில்லை என்பதையும் விவரத்தோடு எழுதினார்கள். அவர்கள்மேல் எங்களுக்கு இருக்கும் மரியாதை உங்கள்மேலும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

மறைப்பதால் பணமும் நேரமும் மட்டும் போவதில்லை. 1992 ஜனவரி 2 அன்று கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ ஆய்வகத்தில் குளிர் இணைவுக் கலம் வெடித்து ஆண்ட்ரூ ரைலி என்ற மின்வேதியியலாளர் இறந்துபோனார். முறையான ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவருக்கே அந்தக் கதி. உங்கள் செய்முறையில் நிக்கலோடு லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு சேர்க்கச் சொல்கிறீர்கள். அது ஈரம் பட்டாலே பற்றிக்கொள்ளும். மூடிய குழாயில் சூடேற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி அழுத்தம் ஏறும். எத்தனை குழாய் வெடித்தது, எந்த அழுத்தத்தில் வெடித்தது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்கிற பையனுக்குத் தெரியாது. வெற்றிக் காணொளியை மட்டும் பார்த்துவிட்டு அவன் அடுப்பைப் பற்றவைக்கிறான். இந்த ஒரு காரணத்துக்காகவே தோல்விகளை வெளியிட நீங்கள் கடமைப்பட்டவர்கள்.

இயற்பியல் துறையினர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வெப்பத்தை அளக்கும் ஒரு நல்ல கலோரிமானியை விடுமுறை நாளில் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்கப் போனால், தலைப்பைக் கேட்டதுமே சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. டியூட்டீரியம் அணுக்கள் வழக்கமான வழியில் இணைந்தால், ஒரு வாட் வெப்பத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ லட்சம் கோடி நியூட்ரான்கள் வர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் பிழைக்க மாட்டார். யாரும் சாகவில்லை என்பதே வலுவான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கருவியைத் தந்திருக்கலாம். அவர்கள் சிரிப்பதற்குத் தீனி போடுவதும் நீங்கள்தான் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒவ்வொரு வெற்று அறிவிப்புக்கும் பிறகு எங்களுக்கு இன்னொரு கதவு மூடுகிறது. 1996-இல், தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கலக்கினால் பெட்ரோல் வரும் என்ற மூலிகை பெட்ரோல் பேச்சில் தமிழ்நாடே கிறங்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். வேறொருவர் கொண்டுவந்த பாத்திரத்தில், வேறொருவர் கொடுத்த கம்பால் கலக்கிக் காட்டுங்கள் என்று அன்று கேட்டவர்களையும் நாட்டின் எதிரி என்றார்கள். கேள்வி கேட்பவனை விரோதியாக்கும் பழக்கம் எந்த ஊரிலிருந்து வந்தாலும் எனக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும்.

கோபத்தில் சில சொற்கள் கூடிப் போயிருக்கலாம். கேட்க வந்ததைப் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். வெறுங்குழாயை எரிபொருள் குழாய்க்கு இணையாக, அதே மின்சாரத்தில், அதே உச்சச் சூடு வரை, அதே கால அளவுக்கு ஓட்டுங்கள். விநாடிவாரி மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றைக் கருவி எழுதிய கோப்பாகவே பொதுவில் வையுங்கள். மீட்டரின் மாடலையும் கடைசியாக எப்போது கேலிப்ரேஷன் செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். தூளை எப்படிப் பதப்படுத்தினீர்கள் என்பது வியாபார ரகசியம் என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு நாங்கள் அதைக் கேட்கவில்லை. வெறுங்குழாயில் ரகசியம் ஒன்றும் இல்லை. அதன் கணக்கைக் காட்டுவதால் எந்தக் காப்புரிமையும் கெட்டுவிடாது.

காணொளி வெளியிட்ட குழுவினருக்கு மேலும் ஒன்று. உங்கள் குழாயின் நீளம், விட்டம், ஹீட்டர் கம்பியின் தடிமன், சுற்று எண்ணிக்கை ஆகிய நான்கையும் மட்டும் அனுப்பினால் போதும். வெறுங்குழாயை எங்கள் செலவிலேயே செய்து, முழுச் சூட்டுக்கு ஓட்டி, கோப்புகளை உங்களுக்கே முதலில் அனுப்பிவைக்கிறோம். நீங்கள் பார்த்த பிறகே பொதுவில் வைப்போம். அருள்கூர்ந்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கருவிப் பராமரிப்பாளரும் அவருடைய நண்பர்களும்