ஆஸ்பத்திரிக்கு முதல் கிணற்றடி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வயது 63. நெல் அவித்துக் குத்தி விற்கிற தொழில். நாள் முழுக்க அடுப்போடும் ஆவியோடும் கிடக்கிறவள்.

இந்த மாசியில் பெரும்போக நெல் வந்த கையோடு முற்றத்தில் அவித்துக்கொண்டிருந்தேன். மகளின் மகன், 6 வயது, பந்தை எடுக்க ஓடி வந்தவன் இறக்கி வைத்திருந்த வாளியைத் தட்டிவிட்டான். நெல் அவித்த தண்ணி. கணுக்காலும் புறங்காலும் வெந்துபோயின.

அவன் கத்திய கத்தில் பக்கத்து வளவே கூடிவிட்டது. மச்சாள் பற்பசையோடு ஓடி வந்தார். இன்னொருவர் முட்டை வெள்ளைக்கரு என்றார். மருமகன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு, “ஏத்துங்க மாமி, ஏத்துங்க” என்று நின்றார். நான் ஒருவருக்கும் காது கொடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை முதலில் அறுத்தேன். வீங்கினால் அதுவே இறுக்கும். அப்புறம் வாளி வாளியாக அள்ளி மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தேன். உடம்பு குளிர்ந்துவிடாமல் மேலுக்குச் சாறனைச் சுற்றிப் பேத்தி பிடித்துக்கொண்டாள். நேரம் பார்த்ததும் அவள்தான். 20 நிமிடம். கேட்க லேசு. ஊற்றிப் பாருங்கள், ஏழாவது நிமிடத்திலேயே “போதும்” என்று சுற்றி நிற்கிற எல்லாருக்கும் தோன்றும். மருமகன் மூன்று தடவை ஹோர்ன் அடித்தார்.

இந்தப் பிடிவாதம் எனக்குச் சும்மா வரவில்லை. 2003இல் எங்கள் வளவுக்குக் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். அது சரிந்து இளைய மகளின் கையில் தீப் பிடித்தது. (எளிதில் சரியாத, மூடி திருகுகிற குப்பி விளக்கை வைத்தியர் விஜய கொடகும்புர செய்து கொடுத்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எங்கள் கைக்கு அது வரவில்லை.) நீல மையையும் பற்பசையையும் நானே பூசினேன். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அன்று ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவைப் பாதைக்குக் காத்து நின்று, வாவி கடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. எவ்வளவு ஆழத்துக்கு வெந்திருக்கிறது என்று பார்க்க விடாமல் மை மறைத்துவிட்டதாம். அங்கிருந்த மிஸ்ஸி (தாதி) அதைத் துடைத்துச் சுரண்டி எடுத்தபோது பிள்ளை போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. “வீட்டில கிணறு இல்லையா அம்மா?” என்று மட்டும் அவர் கேட்டார்.

மதுரையை எரித்த கண்ணகை அம்மனையே வைகாசியில் குளிர்த்தி பாடி ஆற வைக்கிற ஊர்க்காரர் நாங்கள். பிள்ளையின் கால் வெந்தால் மட்டும் பற்பசையைத் தேடுகிறோம்.

ஐஸும் வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும். சாதாரணத் தண்ணி போதும். உடனே ஊற்றாமல் விட்டாலும் 3 மணித்தியாலத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. கொப்புளத்தை உடைக்கக் கூடாது, ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. பிறகு பஞ்சு படாமல், கழுவிக் காய்ந்த பருத்தித் துணியால் இறுக்காமல் மூடிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளை என்றாலோ, முகம், கை, கால், மறைவிடம் வெந்தாலோ, காயம் உள்ளங்கையை விடப் பெரிதென்றாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம். அது வரும் மட்டும் சும்மா நிற்காமல் தண்ணியை ஊற்றலாம். கரண்ட் அடித்ததென்றால் மெயின் சுவிச்சை நிறுத்திய பிறகுதான் ஆளைத் தொட வேண்டும்.

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பிய வீடுகள் பல. ஆகவே ஒரு வேண்டுகோள்: இராசிபலனுக்குப் பக்கத்தில் நாலு விரற்கிடை இடம் விட்டு இந்த முதலுதவிக் குறிப்பை மாதம் ஒரு தடவையாவது போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் சந்திக் கேஸ் கடையிலும் அரிசி ஆலையிலும் ஒட்டுவது என் பொறுப்பு. இரண்டு முதலாளிமாரிடமும் பேசிவிட்டேன்.

பேரன் திரும்பவும் பந்தோடுதான் திரிகிறான். புறங்காலில் ஐந்து ரூபாய்க் குத்தியளவு நிறம் மாறியிருக்கிறது. நெல் அவிக்கிற அடுப்பை நான் வேலிக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
நெல் அவிக்கும் ஓர் அம்மம்மா,
கொக்கட்டிச்சோலை.