எனக்காக நின்ன சபையாருக்கு ஒரு நன்றி மடல்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஆபரேஷன் முடிஞ்சு இப்போ நல்லா இருக்கேன், மெதுவா நடக்கிறேன். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி தேங்க்ஸ் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், முடியல, அவ்வளவு பேர் செஞ்சிருக்கீங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

படுத்திருந்தப்போ பைபிள்ல ரோமர் 16ம் அதிகாரம் படிச்சேன், அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதின கடிதத்தோட கடைசி அதிகாரம். பேர் லிஸ்ட்தானேன்னு நிறைய பேர் தாண்டிப் போயிடுவோம், ஆனா அது பவுலோட நன்றி மடல்ங்க. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் என் உயிருக்காக கழுத்தையே கொடுத்தவங்கன்னு சொல்றாரு, அவங்க வீட்ல கூடுற சபையையும் விசாரிக்கிறாரு, ரூப்புன்னு ஒருத்தரோட அம்மாவை எனக்கும் அம்மாங்கிறாரு. விசுவாசம், கிருபைன்னு அவ்வளவு ஆழமா எழுதிட்டு வந்த மனுஷன் கடைசில ஆளுங்க பேரைத்தான் வரிசையா சொல்றாரு. சபைன்னா அவருக்கு அந்த ஆளுங்கதான்.

என்னால பேர் போட முடியாது, போட்டா பாதி பேர் கோச்சுப்பீங்க. பாஸ்டர் ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு சங்கீதம் வாசிச்சு சின்னதா ஜெபம் பண்ணிட்டு கிளம்பிட்டாரு, அவர் பிரசங்கம் எவ்வளவு நேரம் போகும்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும். ராத்திரி மாத்தி மாத்தி அம்மாகூட இருந்த அக்காமார், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் தூக்கிட்டு அலைஞ்ச வாலிபத் தம்பி, எதுவும் பேசாம பக்கத்துல சும்மா உட்கார்ந்துட்டுப் போன அண்ணன், உங்களுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னே தெரியல.

அந்த நாட்கள்ல எனக்கு ஜெபமே வரல. வலியில வாயத் திறந்தா அழுகைதான். மாற்கு சுவிசேஷம் 2ம் அதிகாரத்துல நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்குறாங்களே, அங்க இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டாருன்னு இருக்கு, படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசினதா இல்ல. எனக்கும் அப்படித்தான், என்னால முடியாதப்போ நீங்க எனக்கும் சேர்த்து விசுவாசிச்சீங்க.

வீட்லயே லைவ்ல பார்த்துக்கலாமே, சபைக்கு எதுக்கு போகணும்னு கேக்குறவங்க இருக்காங்க. வரமுடியாதவங்களுக்கு லைவ் பெரிய ஆசீர்வாதம், நானே அதுலதான் இருந்தேன், ஆனா பிரசங்கம் கேக்குறது மட்டுமா சபை? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கணும்னு கலாத்தியர் 6:2ல இருக்கு, தனியா உட்கார்ந்து யார் பாரத்தை சுமக்கிறது. சபை கூடி வர்றதை விட்டுடக்கூடாதுன்னு சொல்ற எபிரெயர் 10:25ஐ சபைக்கு வராதவங்களை திட்டுறதுக்குன்னே வச்சிருக்கோம், ஆனா அதுக்கு முந்தின வசனம் அன்புக்கும் நற்கிரியைக்கும் ஏவி ஒருத்தரையொருத்தர் கவனிக்கச் சொல்லுது, கூடி வர்றதே அதுக்குத்தான். என்னைக் கேட்டா ரெண்டையும் சேர்த்தே வாசிக்கணும்.

வீட்டுக்கே திருவிருந்து, கர்த்தருடைய பந்தி அப்பமும் ரசமும், கொண்டு வந்து கொடுத்தீங்களே, அன்னைக்கு நான் அழுதது வலியில இல்ல.

வர்ற ஞாயிறு ஆராதனைக்கு வர்றேன். ரொம்ப நேரம் உட்கார முடியாது, அதனால கதவு பக்கமா ஓரத்துல ஒரு சேர் போட்டு வைங்க, நடுவுல எழுந்து போனா யாரும் தப்பா நினைக்காதீங்க.