பின்னால் கேட்ட இரைச்சல்

அன்புள்ள அம்முவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி வேலை மாறப்போகிறானாம், அதை அவனே உனக்கு எழுதுவான்.

நீ பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் ஒன்றும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தையல் நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தேன், இன்று வேறு எதற்கோ புரட்டும்போது கண்ணில் பட்டது. அன்றைக்கு நீ பேசும்போது பின்னால் ஓர் இரைச்சல். கேட்டதற்கு, "ஜெனரேட்டர்மா, பேட்டரி சார்ஜ் ஏறுது" என்றாய். கொஞ்சம் கழித்து, "ரெண்டு நாளா தலைவலி, குமட்டுது, படகு ஆட்டம் ஒத்துக்கல போல" என்றாய். நானும் "சரி, படுத்துத் தூங்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, யாரிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்று. அந்த இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போது தூங்கு என்று சொல்லியிருக்கிறேன்.

ஏழு மாதமாகப் படகிலேயே இருப்பவளுக்கு இப்போது போய் ஆட்டம் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? பெரியம்மா வீட்டுச் சாப்பாடு என்றும் சொல்லாதே. அந்தப் பேச்சை நம் வீட்டில் இனி யாரும் பேச வேண்டாம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

நீ தம்பிக்கு அனுப்பிய போட்டோவை வாங்கிப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்கத்தான் வாங்கினேன். அப்புறம் இரண்டு விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். கேபின் படியிலிருந்து ஒரு முழம் தள்ளி அந்த மிஷின். அதன் சைலன்சர் ஓட்டை கேபின் பக்கம் பார்த்திருக்கிறது. மேலே வெயிலுக்குக் கட்டிய கித்தான், மூன்று பக்கமும் இறக்கிவிட்டிருக்கிறாய். பக்கத்திலேயே சிவப்புப் பெட்ரோல் கேன், மூடி சரியாக உட்காரவில்லை. பின்னால் கொக்கியில் ஒரு லைஃப் ஜாக்கெட் தொங்குகிறது. போன போட்டோவில் இரண்டு இருந்தன. ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டிருப்பாய்.

பத்து வருஷம் ஜெனரேட்டர் வைத்துத் தையல் ஓட்டியவள் நான். ஆயில் மாற்றியிருக்கிறேன், பிளக் கழற்றித் தேய்த்திருக்கிறேன், கயிறு இழுத்து இழுத்து இந்தத் தோள் போனதே அதில்தான். ஆகவே அம்மாவுக்கு என்ன தெரியும் என்று ஆரம்பிக்காதே.

அந்தப் புகையில் கண்ணை எரிப்பதும் மூக்கில் ஏறுவதும் பெரிய ஆபத்தில்லை. ஆபத்தான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் இது போய் உட்காரும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் உடம்பில் ஏறியது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் நேற்று ஏறியது முழுக்க இறங்குவதற்குள் இன்று இன்னும் ஏறும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கை கால் ஓய்ந்துபோவது எல்லாம் படகு ஆட்டத்துக்கு வருவது போலவே வரும். கரையில் இறங்கி நடந்தால் தெளிகிறதா, படகுக்குத் திரும்பினால் மறுபடி வருகிறதா என்று பார். வந்தால் அது ஆட்டமில்லை. உடனே மிஷினை அணைத்துவிட்டு வெளியே வந்து, டாக்டரிடம் போய் "ஜெனரேட்டர் புகை" என்று உன் வாயால் சொல். நீ சொல்லாவிட்டால் அவருக்கும் தெரியாது, ஏதோ காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

"கேபின்ல ஒரு அலாரம் சும்மா சும்மா கத்துது, பேட்டரியக் கழட்டி வச்சிட்டேன்" என்று சிரித்தாயே, எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அது இந்த வாயுவைக் கண்டால் கத்தும் அலாரம், சும்மா கத்தவில்லை. பழைய மாதிரி ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனுக்கும் சில அலாரம் கத்தும் என்று தம்பி தேடிப் படித்துச் சொன்னான். இருக்கலாம். ஆனால் எது என்று நீயாக முடிவுகட்டாதே. கத்தினால் முதலில் வெளியே வா, அப்புறம் யோசி. அதன் பின்பக்கம் காலாவதித் தேதி போட்டிருக்கும், அதையும் பார்த்துவிடு. அலாரம் இருக்கிறதே என்று தைரியமாகவும் இருந்துவிடாதே. பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 70 பங்கு இருந்தால் அது கத்த ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். 400 பங்கு ஆனால்தான் 4 நிமிடத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கத்தும். பொய்யாகக் கத்தக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

"வெளியிலதானம்மா ஓடுது" என்பாய். அமெரிக்காவில் பவெல் ஏரியில் 2000ஆம் ஆண்டு அண்ணன் தம்பி இரண்டு பிள்ளைகள், 11 வயதும் 8 வயதும், படகுவீட்டின் பின்புற மேடைக்கு அடியில் நீந்தப் போய் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை அங்கேதான் வந்து தேங்கியிருந்தது. திறந்த ஏரிதான் அதுவும். நீயும் காலையில் பின்பக்கம்தான் இறங்கி நீந்துகிறாய்.

நங்கூரம் போட்ட படகு மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நிற்கும், இல்லையா? காற்று கேபினைத் தாண்டிப் பின்னால் இறங்கும்போது அங்கே சுழலும். அந்தச் சுழல் பின்னால் இருக்கும் புகையை இழுத்துக் கேபின் வாசலுக்கே திரும்பக் கொண்டுவரும். பின்னால் வைத்தால் புகை பின்னாலேயே போய்விடும் என்பது கணக்கில் சரி, படகில் சரியில்லை. வீட்டைவிட்டே மிஷினை வெளியே ஆறு மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். உன் படகின் மொத்த நீளமே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆகவே என் பேச்சு ஒன்றுதான். படகின் மேல் ஓட்டவே ஓட்டாதே. கரையில் கட்டியிருக்கும் நாளில் மிஷினைக் கரையில் இறக்கி, காற்று உன் பக்கம் வராத திசையில், படகைவிட்டுத் தள்ளி வைத்து, நீ விழித்திருக்கும் நேரத்தில் ஓட்டு. பக்கத்தில் வேறு படகு இருந்தால் அவர்களுக்கும் புகை போகக் கூடாது. எப்படி ஓட்டினாலும் தூங்கும் முன் அணைத்துவிடு.

இனி பெட்ரோல். இதில்தான் எனக்கு உன்மேல் கோபம். என் மிஷினில் பெட்ரோல் சிந்தினால் தரை, காற்று, போய்விடும். படகு ஒரு பாத்திரம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். டெக்கில் சிந்தினாலும், லாக்கரில் வைத்த கேன் கசிந்தாலும், தண்ணீர் மாதிரி வழிந்து அடித்தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்து போகாது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே தீப்பிடிக்கப் போதும். தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிட்சில் ஒரு பொறி போதும். கையில் தூக்கும் ஜெனரேட்டரே பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்ததில்லை, படகுக்கென்று செய்யும் இன்ஜின் சாமான்கள்தான் அப்படி வரும்.

அதனால் மிஷினை எடுத்து வைக்கும்போது டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிடு. இதையும் கரையில் செய். ஆறின பிறகு நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், ஆடாமல் பட்டையால் கட்டு. கேபினுக்குள் வேண்டாம், மூடிய லாக்கரில் வேண்டாம். கேன் எப்போதும் வெளியே, நிழலில், கழுத்துவரை நிரப்பாமல். வெயிலில் பெட்ரோல் விரியும். கேனைப் படகில் வைத்தபடி நிரப்பாதே, கரையில் தரையில் வைத்து, பம்பின் மூக்கு கேன் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். சட்டை உரசுவதில் வரும் பொறிகூட ஆவியைப் பற்றவைக்கும். ஓடும் மிஷினில் ஊற்றவே ஊற்றாதே. அணைத்த உடனேயும் ஊற்றாதே, சைலன்சர் ஆறட்டும். தீயணைப்பான் கேபின் வாசலில் கைக்கு எட்டும்படி இருக்கிறதா? பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீயே மிதந்து பரவும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே என்று நினைத்துவிடாதே.

படகு இன்ஜினை நீயே பிரித்துப் பூட்டினாய் என்று தம்பி சொன்னான். நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். துணி தைக்க வந்த டீச்சரிடம்கூடச் சொன்னேன். ஆனால் இன்ஜினைப் பிரிக்கத் தெரிந்தவளுக்குக் கேன் மூடியைத் திருகத் தெரியவில்லை. உன் அப்பா மாதிரியே, பெரிய வேலை முடித்ததும் சின்ன வேலை கண்ணுக்குத் தெரியாது.

"மழைக்கு கித்தான இறக்கித்தாம்மா ஆகணும், கேபின் ஜன்னல் திறந்துதான் இருக்கு" என்றாய். அதைக் கேட்டுத்தான் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

உனக்கு ஆறு வயது. ஐப்பசி மழை. விடிந்தால் கொடுக்க வேண்டிய பதினெட்டுச் சீருடை, கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் தாழ்வாரத்தில் நனைகிறது என்று நடைக்குள் இழுத்து வைத்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நீ வெட்டிய துணிக்குவியல் மேல் தூங்கிவிட்டாய். எனக்குத் தலை வலித்தது, கண் அசதி என்று நினைத்தேன். ஊசியில் நூல் அறுந்தது. கோர்க்கப் போனால் நூல் நுனி ஊசிக்கண்ணுக்குப் பக்கத்தில் போய்ப் போய் விலகுகிறது. எச்சில் தொட்டுத் திரித்து மறுபடி, மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு கோர்ப்பவள் நான். என்னமோ சரியில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை அம்மு, நூல்மேல்தான் கோபம் வந்தது. பாப்பா கோர்த்துத் தரட்டும் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ எழவில்லை. உலுக்கினேன், தலை ஒரு பக்கம் தொங்கியது. எப்படி எழுந்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன் தெரியாது, உன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் போய் விழுந்தேன். மழைத் தண்ணீர் முகத்தில் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நீ வாந்தி எடுத்தாய்.

அப்பா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். மத்தியானம் நீ பெரியம்மா வீட்டில் சாப்பிட்டிருந்தாய். "அங்க சாப்பிட்டது ஒத்துக்கல போல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை அப்பாவே பேசிக்கொண்டார், அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றும் பேசினார். அதற்குப் பிறகு உன்னை அங்கே சாப்பிட விட்டதில்லை, நீங்கள் வளர்ந்து அதை வேடிக்கையாகவும் ஆக்கிவிட்டீர்கள். பெரியம்மா கடைசியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குப் புள்ளைக்கு நான் நல்லதுதான் கொடுத்தேன்" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு இன்று ராத்திரி அப்பாவிடம் சொல்லப்போகிறேன்.

நீ எழுந்தது நான் கூப்பிட்டதால். எனக்கு நூல் கோர்க்க ஆள் தேவைப்பட்டதால் கூப்பிட்டேன். உன் பக்கத்தில் கூப்பிட ஆள் இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். முன்பெல்லாம் "நாங்க நங்கூரம் போட்டோம், நாங்க பேட்டரி மாத்தினோம்" என்பாய். அன்றைக்குப் பேசியது முழுக்க "நான்". நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்க மாட்டார், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

சோலார் தகடு போட்டுக்கொள். தையல் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 300, 400 வாட்-மணி கொடுக்கும். 5 வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 25. லேப்டாப் மூன்று மணி நேரத்துக்கு 150. போன் ஒரு பொருட்டே இல்லை. இதற்குப் போய் ஒரு ஜெனரேட்டரா? பணம் நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அதுவரைக்கும் அலாரத்துக்குப் பேட்டரி போட்டு, அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது கத்துவதைப் போனில் எனக்குக் கேட்க வை. பேச வேண்டாம் என்றால் பேசாதே. சத்தம் கேட்டால் போதும். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அம்மா

மறந்துவிட்டேன். டேங்க் மூடி மேல் காற்று போக வரத் திருகும் சின்னத் திருகு ஒன்று இருக்கும். ஓடும்போது திறந்திருக்க வேண்டும், தூக்கி வைக்கும்போது மூடியிருக்க வேண்டும். போட்டோவில் அது தெரியவில்லை. தூங்கும் முன் அணைத்துவிடு.