விற்றமின் டி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோயை விற்றமின் டி சுகப்படுத்திவிடும் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பி, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபென் குளிசையை நிறுத்திவிட்டு விற்றமின் டி-யைக் கூட்டிப் போடலாமா என்று ஒரு அக்கா வந்து கேட்டார். கிளினிக் கொப்பியும் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை, கிளினிக்கில் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

செய்தி முழுப் பொய்யும் இல்லை, அதுதான் ஆபத்து. மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் விற்றமின் டி-க்கான வாங்கி (அது வந்து ஒட்டி வேலை செய்யும் புரதம்) இருப்பது 1979 இலேயே தெரிந்தது. விற்றமினின் செயற்படும் வடிவமான கல்சிட்ரியோல் ஆய்வுகூடத்தில் அக்கலங்கள் பெருகுவதைத் தடுக்கிறது. சரி, அதே அளவை உடம்புக்குக் கொடுத்தால்? இரத்தத்தில் கல்சியம் எகிறும். வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரும். அதனால்தான் கல்சிட்ரியோலைப் போலவே வேலை செய்து, கல்சியத்தை அவ்வளவு கூட்டாத சேர்வைகளைத் தேடினார்கள். செயோகல்சிட்டோல் அப்படி வந்தது. நோயாளிகளில் சோதித்தபோது அளவு கூடக்கூட அதிலும் கல்சியம் ஏறியது. அப்படியான இன்னொன்றான கல்சிபொட்ரியோல், களிம்பாக சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குத்தான் மருந்தானது.

அமெரிக்காவில் 25,871 பேருடன் நடந்த வைட்டல் ஆய்வில், தினமும் 2000 அலகு விற்றமின் டி எடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை.

குறைபாடு இருந்தால் வைத்தியர் சொன்ன அளவில் எடுக்கட்டும். தமொக்சிபெனை மட்டும் தாங்களாக நிறுத்த வேண்டாம். புற்றுநோய் வைத்தியர் ஒருவரைக் கொண்டு உங்கள் பத்திரிகையில் இதை விரிவாக எழுதுவித்தால், வெட்டிக் கடை வாசலில் ஒட்டுவேன்.

மருந்துக்கடைக்காரர்,
களுவாஞ்சிகுடி