ஒரு பாட்டுக்கு ஒரு மீறல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மணிக்கட்டு வலி குறைந்து மறுபடி டிரம்ஸில் உட்கார ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. பழைய வேகம் போய்விட்டதென்று வருத்தப்பட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீ கேட்ட கேள்வி: இத்தனை வருஷமாக பேஸ் கிட்டாரில் ராத்திரிக்கு ராத்திரி அதே ரூட் (அடிச்சுரம்), அதே ஃபிப்த் (அதிலிருந்து ஐந்தாவது சுரம்) வாசிப்பது அலுக்கவில்லையா?

அலுத்த காலம் இருந்தது. போன மாதம்கூட அந்த அலுப்பு என்னைக் காலை வாரிவிட்டது. மெதுவான பாட்டு ஒன்று. சரணத்துக்கு முன்னால் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, இடைவெளி. மூன்று பார் ஒழுங்காக இருந்தேன். நாலாவதில் கை துறுதுறுத்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே, உச்ச சுரங்களுக்கு ஏறி ஒரு ஓட்டம் ஓடினேன். சுத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் கீழே அடிச்சுரத்தைப் பிடிக்க யாரும் இல்லை. மூச்சை இழுத்த பாடகி ஒரு கணம் தடுமாறி, அரை பீட் தள்ளி, சுருதி கொஞ்சம் இறங்கி எடுத்தார். நிகழ்ச்சி முடிந்து நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "அந்த இடத்துல காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றார். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிட்டார்காரர் சி மேஜர் கார்டு பிடிக்கிறார் என்று வைத்துக்கொள், மூன்று சுரம் சேர்ந்து: சி, ஈ, ஜி. நான் கீழே சி வாசித்தால் அது சி மேஜர். நான் ஏ-க்கு இறங்கினால், அவர் விரல் அசையாமலேயே அது ஏ மைனர் செவன்த் என்ற வேறு கார்டு ஆகிவிடுகிறது. மேலே வாசிக்கிறவர் ஒரு சுரத்தை மாற்றினால் பெரும்பாலும் அது அலங்காரத்தோடு போய்விடும். நான் மாற்றினால் அத்தனை பேர் வாசிப்பதற்கும் அர்த்தம் மாறுகிறது. இது தெரிந்த விஷயம்தான். பாடகி சொன்ன பிறகுதான் உறைத்தது.

அதிலிருந்து தினமும் ஒரு சாதகம் செய்கிறேன். நிமிஷத்துக்கு 80 பீட் வேகத்துப் பாட்டு என்றால், டிக் டிக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோமை 40-இல் வைத்து, அந்த டிக்கை இரண்டாம், நாலாம் பீட்டாகக் கேட்கிறேன். ஒன்றும் மூன்றும் என் பொறுப்பு. அந்த வேகத்தில் ஒரு பீட் முக்கால் நொடி. அதற்குள் சுரத்தை எங்கே நிறுத்துவது என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. டிரம்ஸில் ஸ்நேர் அடி விழும் கணத்தில் இடது கை விரலை லேசாகத் தளர்த்தி ஒலியை அடக்கினால் ஸ்நேர் பளிச்சென்று கேட்கும். அதன்மேல் இழுத்துவிட்டால் பாட்டே கனத்து நடக்கும். வாசித்தது என்னவோ ஒரே சுரம்தான்.

ஒரு காலத்தில் நாம் விழுந்து விழுந்து கேட்ட பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை இப்போது வேறு காதோடு கேட்கிறேன். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் 1960-களின் பதிவுகளில் அவர் வாசித்தது எளிமையானதே இல்லை. தாளத்தை வெட்டி வெட்டி, பாருக்குப் பார் மாறும். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஃபோம், தட்டையான கம்பி சுற்றிய கனமான ஃப்ளாட்வவுண்ட் தந்தி. அதையும் சுலபத்தில் மாற்றமாட்டார். எழுந்த சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். அத்தனை சுரத்துக்கு நடுவிலும் குரலுக்கு இடம் இருந்ததற்கு இதுவும் காரணம் என்றே எனக்குப் படுகிறது.

இப்போது எனக்கு நானே வைத்திருக்கும் விதி, ஒரு பாட்டுக்கு ஒரு மீறல். முதல் சரணம் எழுதியபடி. அப்புறம் பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடம் ஒன்றில் மட்டும், அந்த நேரத்தில் கைக்கு வருவது. முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. ஒரே ஒரு இடம் என்றானதும் பாட்டு முழுக்கக் காதைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். அலுப்பு போன வழி அதுதான். ஜாஸ் வாசிக்கும் இரவுகளில் இந்த விதி செல்லாது. நடைபோடுவதுபோல் சுரம் சுரமாக நகரும் வாக்கிங் பேஸில் ஒவ்வொரு பாரும் அங்கேயே பிறக்க வேண்டும். ஆனாலும் பெரும்பாலும் பீட்டுக்கு ஒரு சுரம், அடுத்த கார்டின் ரூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும் நாலாவது பீட் என்று அங்கேயும் ஒரு கட்டு உண்டு.

உன் வேகத்துக்கு வருகிறேன். எனக்கு உன்னிடம் எப்போதும் வேண்டியிருந்தது காலால் அடிக்கும் கிக் டிரம்தான். கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் சுரத்தை வைக்க முடிந்தது உன்னோடு மட்டும்தான். வேகம் வரும்போது வரட்டும், மணிக்கட்டை வதைக்காதே. அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாயே, அந்தப் பழைய ஸ்நேரையும் எடுத்து வா. முதல் அரை மணி நேரம் 80-இல் வெறும் குரூவ், ஒரே தாள நடை மட்டும், வாசிப்போம். இடைவெளியை நிரப்பும் ஃபில் கிடையாது, இரண்டு பேருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பேஸ்காரன்